உத்தமபாளையத்து ஜைனபும் ஊர்ந்து போகும் செல்களும்

செய்தி வந்தபோது நான் சின்னமனூர் பேருந்து நிலையத்தில் மதுரை வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசியில் காதர் மைதீன் ஐயாவின் எண் தெரிந்தது. அந்த எண்ணிலிருந்து என்றைக்காவது ஒரு சாவுச் செய்தி வரும் என்று பல வருடங்களாக எதிர்பார்த்துத்தான் இருந்தேன். ஆனால் பேசுகிறவர் ஜைனபாக இருப்பார், போயிருப்பவர் அவருடைய அத்தாவாக, அவரைப் பெற்ற அந்த ஐயாவாக இருப்பார் என்றுதான் மனம் நினைத்து வைத்திருந்தது. பேசியவர் அத்தா.

“அருளு தம்பி, நம்ம ஜைனப்பு மவுத்தாயிருச்சுப்பா. காலையில டீ போட எந்திரிச்சா. அடுப்பாங்கரையிலயே சாஞ்சுட்டா. மத்தியானம் லுகர் தொழுதுட்டு எடுக்குறோம். வந்துருங்க.”

“யாரு?” என்று கேட்டேன். அவர் கோபப்படாமல் அத்தனையையும் மறுபடி சொன்னார். நான் எதிர்ப்பக்கம் ஓடி, கம்பம் போகும் வண்டியில் ஏறி, உட்கார இடம் இருந்தும் உட்காராமல் உத்தமபாளையம் வரை நின்றுகொண்டே போனேன்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது தணிந்தபாடில்லை. ஆகவே இதில் நிதானம் குறைவாகத் தெரிந்தால் ஜைனபைத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நிதானம் அவருக்கும் ஒத்துவராத சங்கதிதான் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆண்களோடு தெருவில் நின்றேன். முகம் பார்ப்பது நெருங்கிய உறவுக்கார ஆண்களுக்குத்தான். அது அவர்கள் முறை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் தொண்ணூற்றாறிலிருந்து தினமும் பார்த்த முகத்தைக் கடைசியாக ஒரு முறை பார்க்கவில்லை என்பது எனக்குள் அடங்காமல் கிடக்கிறது. அவரை வைத்த சந்தூக்குப் பெட்டி வெளியே வந்ததும் யாரோ என்னை முன்னால் இழுத்து, “நீங்களும் ஒரு கை குடுங்க சார்” என்றார்கள். கொஞ்ச தூரம் சுமந்தேன்.

நானும் ஜைனபும் மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர் உத்தமபாளையம், நான் அதற்குப் பக்கத்துக் கிராமம், கத்தோலிக்கக் குடும்பம். ஒரே பள்ளத்தாக்குக்காரர்கள் என்பதால் எங்களுக்கு ஒரே மேசையைக் கொடுத்தார்கள். அவர் இடக்கைக்காரர். நான் வலக்கை. பக்கத்தில் பக்கத்தில் நின்று பிப்பெட் பிடித்தால் முழங்கையும் முழங்கையும் இடிக்கும். முதல் வாரமே மேசையின் நடுவில் டேப் ஒட்டி எல்லை போட்டார். நான் அதைத் தாண்டினால், “அருள், இது எங்க வயக்காடு” என்பார். ஸ்டூல் இருந்தாலும் உட்கார மாட்டார். நின்றுகொண்டே வேலை, நடந்துகொண்டே படிப்பு, நடையின் கோடியில் திரும்பும்போதுதான் யோசனை. “உக்காந்து யோசிச்சா எனக்குத் தூக்கம்தான் வருது” என்பது அவர் வைத்திருந்த விளக்கம்.

அவர் எடுத்துக்கொண்ட வேலை புரோஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய். ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி அது. சிறுநீர்ப்பைக்குக் கீழே பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கிறது. சிறுநீர் வரும் வழி அதன் நடுவில்தான் போகிறது. கல்யாணமாகாத ஒரு ராவுத்தர் வீட்டுப் பெண் இதை எடுத்துப் படிக்கிறாள் என்றால் சொந்தக்காரர்களிடம் எப்படிச் சொல்வது? கம்பத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் நடந்ததை அவரே மறுநாள் மேசையில் நடித்துக் காட்டினார். மாமி முறையுள்ள ஒருவர், “என்னத்தை ஆராய்ச்சி பண்றே?” என்று கேட்டிருக்கிறார். “கேன்சர் மாமி.” “எங்கன வர்ற கேன்சரு?” ஜைனப் சொல்லியிருக்கிறார். மாமி கையில் எடுத்த பிரியாணியை இலையிலேயே வைத்துவிட்டு, “அல்லாவே! பொம்பளைகளுக்கு வர்றதை விட்டுட்டு ஒனக்கு ஏன்டி அந்த வேலை?” என்று அலறியிருக்கிறார்.

“பொம்பளைகளாச்சும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறாக மாமி. இவுக வாயே தெறக்க மாட்டாக. அதான் செல்லுக்கிட்டயே கேட்டுக்கிறேன்” என்றாராம் ஜைனப். இதைச் சொல்லி அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை மதியம் ஊருக்குப் போகும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டால் போதும், பாடம் தொடங்கிவிடும். ஒரு தடவை கோம்பைக்காரர் ஒருவர், கூடையில் நாய்க்குட்டியோடு, மாட்டிக்கொண்டார். இந்த நோய் சில வயசாளிகளுக்கு வந்த இடத்திலேயே வருடக்கணக்காகச் சும்மா கிடக்கிறது. சிலருக்கு மட்டும் வெளியே கிளம்பி முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் போய்விடுகிறது. அது ஏன் என்பதுதான் ஜைனபின் கேள்வி. சுரப்பியின் செல்களைச் சுற்றிப் புரதத்தால் ஆன மெல்லிய வலை இருக்கிறது; வெளியேறும் செல் அதை வெட்டாமல் போக முடியாது; வெட்டும் நொதிகளை அது தன் மேல்பரப்பிலேயே, ஒரு கால் உள்ளே ஊன்றி வாய் வெளியே பார்க்க நட்டு வைத்திருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். கோம்பைக்காரர் யோசித்துவிட்டு, “அப்ப வேலியப் பிச்சுக்கிட்டு வர்ற காட்டுப்பன்னின்னு சொல்லுங்க” என்றார்.

“இல்லண்ணே. பன்னி முட்டி மொத்த வேலியையும் சாய்ச்சுரும். இது அப்படியில்ல. தன் ஒடம்பு நுழையிற அளவுக்கு மட்டும் கம்பிய நறுக்கும், நுழையும், மறுபடி நறுக்கும். கத்திரி ஒடம்புலயே ஒட்டிக்கிட்டு இருக்கிறதால போற பாதையில மட்டும் வெட்டும். அது மட்டுமா, பக்கத்துல தூங்குற மத்த நொதிகளையும் இதுவே எழுப்பிவிடும்.”

“பெரிய களவாணியாவுல்ல இருக்கு” என்றார் அவர். ஏதோ வேலையாகச் சின்னமனூரில் இறங்கவேண்டியவர், கேட்டுக்கொண்டே உத்தமபாளையம் வரை வந்துவிட்டார். நாய்க்குட்டி மட்டும் தூங்கிவிட்டது.

இப்போது எங்களுடைய ஒரு பெரிய சொதப்பலுக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் ஜைனபைப் பற்றி எழுத முடியாது. அவரிடம் இருந்த செல்கள் பொல்லாதவை. அடியில் நுண்துளைகள் உள்ள சின்னக் கிண்ணத்தில் கூழ் போன்ற புரதத்தைப் பூசி அதன்மேல் செல்களை விடுவோம். ஓரிரு நாளில் கூழை அறுத்துக்கொண்டு அடிப்பக்கம் வந்து நிற்கும். அறுக்கிறது, கண்ணால் பார்க்கிறோம். ஆனால் செல்களை வளர்ப்புத் தட்டிலிருந்து பெயர்த்தெடுத்து, அறுக்கும் நொதி மேல்பரப்பில் இருக்கிறதா என்று சோதித்தால் எதுவும் தெரியவில்லை. பல மாதம் இப்படியே போனது. ஜைனப் நடந்த நடையில் தரையே தேய்ந்திருக்கும். ‘மேல்பரப்பில் இந்த நொதி இல்லை’ என்று அறிக்கையும் எழுதியாகிவிட்டது.

ஒரு நாள் தட்டிலிருந்து செல்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தவர் கையை அப்படியே நிறுத்தினார். தட்டில் ஒட்டிக்கொண்டு வளரும் செல்களைப் பெயர்க்க எல்லோரும் டிரிப்சின் ஊற்றுவோம். இட்லிக்கு மாவு கரைப்பது போல, கேள்வியே இல்லாத வேலை. டிரிப்சினும் ஒரு நொதிதான். புரதத்தை வெட்டுவதுதான் அதன் பிழைப்பு. செல்லைத் தட்டிலிருந்து வெட்டிவிடும்போது அதன் மேல்பரப்பில் நின்றதையும் சேர்த்து மழித்துவிட்டது. நாங்களே மழித்துவிட்டு, முடியைக் காணோம் என்று இத்தனை மாதம் தேடியிருக்கிறோம். உலகத்தில் வேறு யாரும் செய்ய முடியாத தப்பு. செல் வளர்ப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடியது. அதன் பிறகு அவர் கால்சியத்தை மட்டும் உறிஞ்சும் கரைசலை ஊற்றிப் பொறுமையாகக் காத்திருந்தார். செல்கள் தாமே பிடியைத் தளர்த்தி மிதந்து வந்தன. மேல்பரப்பில் நொதி இருந்தது.

அன்றிலிருந்து ஆய்வுக்கூடத்தில் யாருடைய அறிக்கை அவர் கைக்குப் போனாலும் ஒரே திருத்தம்தான். “இல்லைன்னு எழுதாதீங்க. எங்களுக்குத் தெரியலைன்னு எழுதுங்க.”

இரண்டாயிரத்து இரண்டு வாக்கில் அவருடைய அத்தா பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்தினார். காதர் மைதீன் ஐயாவுக்குக் கோம்பைப் பக்கம் திராட்சைத் தோட்டம். ஊரில் மரியாதைப்பட்ட மனிதர். ஒரு ஜும்மா தவறவிடாதவர். அவர் வெள்ளிக்கிழமை கூடத் தோட்டத்திலேயே இருந்துகொண்டார். ஜமாஅத்தில் யாரோடோ மனஸ்தாபம் என்று ஊர் பேசியது. ஜைனபும் அதையே நம்பினார். பள்ளிவாசல் சுவரைப் பெரிதாக்கும் விஷயத்தில் ஏதோ பேச்சு வந்ததாம், அத்தாவுக்கு ரோஷம் அதிகம் என்று என்னிடமே சொன்னார். யாரோடு சண்டை என்று அவர் துருவித் துருவி விசாரித்துக்கொண்டிருந்தபோது ஐயா சாயங்காலம் தண்ணீர் குடிப்பதையும் குறைத்திருந்தார். பேருந்தில் மதுரை வருவதையும் விட்டிருந்தார். இடுப்பு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குச் சிறுநீர் நிற்காமல் சொட்டியிருக்கிறது. தொழுகைக்கு முன் கைகால் கழுவிச் சுத்தம் செய்துகொள்ளும் ஒளு, சொட்டு விழுந்தால் முறிந்துவிடும். ஒளு இல்லாமல் வரிசையில் நிற்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. அந்தச் சுரப்பியின் செல்லை மேல்பரப்பு வரை தெரிந்த ஒரே ஆள் அந்த ஊரில் அவருடைய மகள்தான். மகளிடம் எப்படிச் சொல்வார்? மனைவி இருந்திருந்தால் அவர் வழியாகப் போயிருக்கும். அவர் போய் வருடங்கள் ஆகியிருந்தன. ஜைனப் ஒரே பிள்ளை.

ஒரு ஞாயிறு, குளியலறையில் மறைத்து வைத்திருந்த துணிகளைப் பார்த்த பிறகுதான் ஜைனபுக்கு உறைத்தது. உறைத்த மறு நிமிடம் முன்னறைக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் நேருக்கு நேர் கேட்டுவிட்டார், என்றிலிருந்து சொட்டுகிறது, ரத்தம் வருகிறதா, ஏன் சொல்லவில்லை என்று. ஐயா பாதித் தட்டில் கை கழுவினார். தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போனவர் வீடு திரும்பவில்லை.

திங்கட்கிழமை காலை ஆய்வுக்கூடத்தில் ஜைனப் என் எதிரே வந்து நின்றார். “அருள், நான் அத்தா மேல டிரிப்சினை ஊத்திட்டேன்” என்றார். நான் அவர் அழுது பார்த்தது அன்று ஒரு நாள்தான். “நான் கேட்டா வாயத் தெறக்க மாட்டாக. நீங்க போங்க. எதையும் கேக்காதீங்க. சும்மா கூட இருங்க.”

போனேன். கொடிப்பந்தலுக்குக் கீழே குனிந்தபடி ஐயாவின் பின்னால் நாள் முழுக்க நடந்தேன். திராட்சைக்கு வரும் சாம்பல் நோயைப் பற்றி, மருந்து அடிப்பதைப் பற்றி, விலை கேட்டு வரும் வியாபாரிகளின் அழிச்சாட்டியத்தைப் பற்றி எல்லாம் பேசினார். எனக்கு உள்ளுக்குள் பதற்றம். ஒவ்வொரு நாளும் அந்த வலைக்குள் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று தெரிந்தவன் நான்; இவர் சாம்பல் நோய் பேசுகிறார். கேட்காதே என்று சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வெயில் சாயும்போது அவரே நின்றார்.

“தம்பி, ஒங்க கோயிலுக்குள்ள போறதுக்கு ஒடம்பு சுத்தமா இருக்கணுமா?”

“மனசு சுத்தமா இருக்கணும்னு சாமியார் சொல்வாக ஐயா. ஒடம்பைப் பத்தி அவ்வளவாக் கேக்க மாட்டாக.”

“எங்களுக்கு ஒளு வேணும். செஞ்சு முடிச்சு வரிசையில நிக்கிறதுக்குள்ள முறிஞ்சு போகுது. இதை யாருக்கிட்டப் போய்ச் சொல்ல? பெத்த மககிட்டயா?” என்றார். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். திராட்சைக் கொடியைப் பார்த்தபடியேதான் சொன்னார். நானும் கொடியைப் பார்த்தபடியே கேட்டேன்.

பள்ளிவாசலில் தொழ வைக்கும் அஜரத்திடம் கேட்டீர்களா என்றேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது என்றார். ஆகவே ஞானஸ்நானம் வாங்கிய நான் பள்ளிவாசல் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எனக்கு வேண்டப்பட்ட ஒருவருக்கு இப்படி என்று அஜரத்திடம் ஒளுவின் சட்டம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, “சீக்காளிக்கு வெலக்கு இருக்கு சார். ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் புதுசா ஒரு ஒளு செஞ்சாப் போதும். நடுவுல சொட்டுனா முறியாது. அவுகளை வரச் சொல்லுங்க” என்றார். நான் செருப்பை மாட்டும்போது, “இன்னும் எத்தனை பேரு இப்படி வராம இருக்காகளோ” என்றும் சொன்னார். யார் என்று அவர் கேட்கவே இல்லை.

தேனியில் ஒரு மருத்துவமனையில் சோதித்தார்கள். ஜைனப் எதைப் பயந்தாரோ அதுவேதான். கட்டி சுரப்பியின் உறையைத் தாண்டியிருந்தது. எலும்புக்குப் போனதாகத் தெரியவில்லை. ‘போகவில்லை’ என்று மருத்துவர் சொன்னதை ஜைனப் அங்கேயே, ‘தெரியலைன்னு சொல்லுங்க டாக்டர்’ என்று திருத்தினார். ஆணின் ஹார்மோனை நிறுத்தினால் கட்டி அடங்கும். அதற்கு ஓர் அறுவைச் சிகிச்சை, அல்லது விட்டுவிட்டுப் போடும் ஊசி. எதுவென்று ஐயா முடிவு செய்ய வேண்டும். ஐயாவோ எதுவும் வேண்டாம், இருக்கிற வரை இருந்துவிட்டுப் போகிறேன் என்கிற இடத்தில் நின்றார்.

அந்த முடிவை எடுத்த பகல் நேரத்தை நான் மறக்க மாட்டேன். முன்னறையில் நாற்காலியில் ஐயா. அடுக்களை நிலையைப் பிடித்தபடி ஜைனப். நடுவில் நான், தூது. இருவருக்கும் நடுவே நான்கு எட்டுதான். ஆனால் எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான் போயாக வேண்டும்.

“தம்பி, ஆப்ரேசன்னா என்ன பண்ணுவாகன்னு ஒங்க மேடத்துக்கிட்டக் கேளுங்க.”

“அருள், அத்தாகிட்டச் சொல்லுங்க. கட்டிக்குத் தீனி அந்த ஹார்மோன்தான். அது சொரக்கிற எடத்தையே எடுக்குறது ஆப்ரேசன். அதைச் சொரக்க விடாமப் பண்றது ஊசி. ரெண்டும் ஒரே வேலைதான்.”

நான் வாயெடுத்தேன். “கேட்டுச்சு, கேட்டுச்சு” என்றார் ஐயா. “ஏன் தம்பி இது இருந்த எடத்துல கெடக்க மாட்டேங்குது? அதக் கேளுங்க.”

ஜைனப் என்னிடம் சொல்லத் தொடங்கினார். வலை, செல், அதன் மேலே நட்டு வைத்த கத்தரிகள். எனக்குச் சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது? நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஐயா நாற்காலியை மகள் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“அந்தக் கத்திரியப் புடுங்கிப் போடுறதுக்கு மருந்து இல்லையா ஆத்தா?”

“செஞ்சாக அத்தா. வெளிநாட்டுல குடுத்துப் பாத்தாக. கேக்கலை. கத்திரி ஒண்ணு ரெண்டு இல்ல. ஒண்ணை அடைச்சா இன்னொண்ணு வெட்டுது. நல்ல செல்லுக்கும் அது வேணும். புண்ணு ஆறுறதுக்குக் கூட.”

“அப்ப நீ இத்தனை வருசம் பாத்தது எனக்கு ஆகாது?”

“ஆகாது அத்தா.”

“பெறகு எதுக்கு நின்னுக்கிட்டே கெடந்து பாக்குறே?”

“தெரியாம இருக்க முடியலை அத்தா” என்றார் ஜைனப். குரல் உடைந்துவிட்டது. “ஒங்களுக்கு ஒண்ணும் பண்ண முடியாத படிப்பைப் படிச்சுட்டு நிக்கிறேன். அந்த ஊசியவாச்சும் போட்டுக்கங்க.”

நான் நடுவில் இருப்பதையே இருவரும் மறந்துவிட்டார்கள். எழுந்து வெளியே போவதா, இருப்பதா என்று தெரியாமல் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயா, “சரி, போடச் சொல்லு” என்றார். மகளிடம் நேராகச் சொன்னார்.

ஊசி போட்ட பிறகு அவருக்கு உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும். வியர்த்துக் கொட்டும். அதே காலத்தில் ஜைனபுக்கும் அந்த வயசுக்குரிய கொதிப்பு வந்தது. ஒரு சனிக்கிழமை போனால் அத்தாவும் மகளும் ஆளுக்கொரு விசிறியோடு எதிரெதிரே உட்கார்ந்து வீசிக்கொண்டிருக்கிறார்கள். “தம்பி, ஆம்பளையாப் பொறந்து எனக்கு இதுவும் விதிச்சிருக்கு பாத்தீகளா” என்றார் ஐயா. “பொம்பளைக படுறது இப்பத் தெரியுதா?” என்றார் மகள். வாய்விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம் அந்த வீட்டில் இப்படிச் சிரித்துச் சிரித்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஐயா பள்ளிவாசலுக்குப் போனார். கட்டி அடங்கிக் கிடந்தது.

ஜைனப் அடங்கவில்லை. அத்தாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வரும் நாட்களில் மேசைக்கும் வாசலுக்கும் நடப்பார். கட்டியைக் காட்டிக்கொடுக்கும் எண் ஏறவில்லை என்று தெரிந்தாலும் நடப்பார். “அடங்கியிருக்கு, அவ்வளவுதான். எந்திரிக்கும். எந்திரிக்கிறப்போ எந்தக் கத்திரியோட எந்திரிக்கும்?” இதைக் கேட்டுக்கொண்டேதான் அவருடைய கடைசி வருடங்கள் போயின. பதில் முழுதாகக் கிடைக்கவில்லை. அவர் கண்டுபிடித்ததைவிட, ‘தெரியலை’ என்று எழுதியதுதான் அதிகம்.

அத்தாவின் அந்த எண்ணைப் பார்த்த கண் தன்னைப் பார்க்கவில்லை. என் கோபம் இங்கேதான். கடைசி வாரம் இடது தோள் வலிக்கிறது என்றார். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தோள் வலி உண்டு. நாள் முழுக்கப் பிப்பெட் அழுத்தினால் கட்டைவிரலும் தோளும் போய்விடும். “பிப்பெட் தோளு அருள். ஒங்களுக்கு வலது, எனக்கு இடது” என்று சிரித்தார். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. வெள்ளிக்கிழமை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜைனப் உட்கார்ந்தார்! ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அதைக் கேலி செய்தோம். அவரும் சேர்ந்து கேலி செய்தார். திங்கட்கிழமை காலை மாரடைப்பு. அத்தாவிடம் கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவர் கவலைப்படுவாராம். அடுத்த வீட்டுப் பெண்ணிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார். வாய் திறக்காத ஆண்களைப் பற்றி ஊரெல்லாம் பேசிய பெண்மணியே, உம்மை என்ன சொல்லித் திட்டுவது?

நாற்பதாம் நாள் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஐயா முன்னறையில் இருந்தார். துக்கம் கேட்க வந்த திராட்சை வியாபாரி ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தார். ஐயா அவரிடம், ஒளிவுமறைவில்லாமல், “ராத்திரி ஒண்ணுக்கு அடிக்கடி எந்திரிக்கிறீகளா? சொட்டுதா? நெஞ்சு, தோளு எங்கயாச்சும் வலி இருக்கா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். வியாபாரி என்னைப் பார்த்து நெளிந்தார். வருகிறவர்கள் எல்லோரிடமும் இதைத்தான் கேட்கிறாராம். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள் போல. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

“நான் சொல்லாம இருந்தேன், எம் மக கேட்டா” என்றார் ஐயா, அந்த மனிதரிடம். “எம் மக சொல்லாம இருந்தா. கேக்க எனக்குத் தெரியலை.”

வியாபாரி தலையைக் குனிந்துகொண்டு, ஆமா, எந்திரிக்கிறேன் என்று மெல்லச் சொன்னார்.

ஜைனபிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டவை இரண்டு. ‘இல்லை’ என்று சொல்வதற்கு முன் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்லிப் பார்ப்பது ஒன்று. இன்னொன்று, அவருடைய அத்தா. ஊசிக்கு இனி நான்தான் தேனிக்குக் கூட்டிப் போக வேண்டும். அதைச் சொல்லத்தான் அன்று போயிருந்தேன். வியாபாரி போன பிறகு சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

“ஒங்களுக்கு எப்படி இருக்கு தம்பி?”

“எனக்கு ஒண்ணும் இல்லை ஐயா.”

“ஜைனப்பும் இதைத்தான் சொன்னா.”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடியைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. கொஞ்ச நாளாகவே மாடிப்படி ஏறினால் எனக்கு நெஞ்சில் ஒரு இறுக்கம் வருகிறது. நின்றால் விட்டுவிடுகிறது. வீட்டில் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. அவரிடம் சொன்னேன்.

உடம்பில் அடங்கிக் கிடக்கும் நோயோடு, ஒரே மகளை மண்ணுக்குக் கொடுத்த அந்த எண்பது வயதுக்காரர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார்.

“சட்டையப் போட்டுட்டு வாரேன், இருங்க. தேனிக்கு இப்ப ஒரு வண்டி இருக்கு.”